பரிசுச் சீட்டும் மஞ்சக் கடுதாசியும்

போன வாரம் மேசை டிராயரை ஒழித்துக்கொண்டிருந்தேன். பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவே ஒரு பரிசு அட்டை கிடைத்தது. 2,000 ரூபாய்க்கானது. என் அறுபதாம் கல்யாணத்தின்போது உறவினர் ஒருவர் மொய்க் கவருக்குப் பதிலாக வைத்துக் கொடுத்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று உள்ளே வைத்தவன் மறந்தே போனேன். இப்போது போய்ப் பார்த்தால் அந்தத் துணிக்கடை இருந்த இடத்தில் மருந்துக்கடை இருக்கிறது.

போனது 2,000 ரூபாய்தான். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் பில்லும் ரசீதும் பார்த்த குமாஸ்தா மூளை சும்மா இருக்குமா? அந்த உறவினர் ரொக்கமாகக் கொடுத்த பணம் எங்கே போயிற்று, கடை அதற்குப் பொருள் கொடுக்கவே இல்லையே என்று யோசிக்கத் தொடங்கினேன். இந்த விஷயம் பெரிய அளவில் வெடித்தது இங்கிலாந்தில். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நாய் படம் போட்ட இசைத்தட்டு என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். குழாய் முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் அந்த நாயின் பெயர் நிப்பர். ஃபிரான்சிஸ் பரோ என்ற ஓவியர் வரைந்த படத்தை 1899-இல் கிராமபோன் கம்பெனி வாங்கி, பிறகு தன் முத்திரையாக்கிக்கொண்டது. எங்கள் வீட்டில் அப்பா வைத்திருந்த தட்டுகள் கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சானவை. அதே முத்திரையோடு லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெரு 363-ஆம் எண்ணில் 1921 ஜூலை 20 அன்று ஒரு கடை திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் புகழ்பெற்ற இசையமைப்பாளர் எட்வர்டு எல்கர். அதுதான் எச்.எம்.வி. கடைகளின் தொடக்கம். பிற்காலத்தில் இங்கிலாந்தின் ஊர்தோறும் கடைத்தெருவில் ஒரு எச்.எம்.வி. இருந்தது.

பிறகு காலம் மாறியது. பாட்டையும் படத்தையும் இணையத்தில் இறக்கிக்கொண்டார்கள். குறுந்தகடு வேண்டுமென்றாலும் இணையத்திலோ சூப்பர் மார்க்கெட்டிலோ மலிவாகக் கிடைத்தது. கடை வாடகை மட்டும் குறையவில்லை. 2013 ஜனவரி 15 அன்று எச்.எம்.வி. நம்மூர் வழக்கில் சொன்னால் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டது. 4,000 பேருக்கு மேல் அங்கே வேலை பார்த்தார்கள். நிர்வாகத்தை டெலாய்ட் என்ற கணக்கர் நிறுவனம் ஏற்றது. கடைகள் திறந்திருக்கும், ஆனால் பரிசு அட்டைகள் செல்லாது என்று அறிவித்தார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தாத்தா பாட்டி கொடுத்த அட்டையோடு வந்த பிள்ளைகள் திரும்பிப் போனார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இங்கிலாந்தில் கடை வாடகையை எல்லோரும் மாதாமாதம் கொடுப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்பணமாகக் கட்டுவதுதான் பழைய வழக்கம். அதற்கான நாள்களில் ஒன்று டிசம்பர் 25. தள்ளாடும் கடைக்கு டிசம்பர் வியாபாரம்தான் கடைசி மூச்சு. அதைத் தாண்டி ஜனவரியில் பல கடைகள் விழுகின்றன. பரிசு அட்டைகள் அதிகம் விற்பதும் அதே டிசம்பரில்தான். வண்டி கவிழும் தறுவாயில்தான் சனங்கள் அதிகமாக ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எச்.எம்.வி. மட்டுமல்ல. 2008 கடைசியில் வூல்வொர்த்ஸ் விழுந்து, 800-க்கும் மேற்பட்ட கடைகள் சில வாரங்களில் மூடப்பட்டன. அதே டிசம்பரில் ஸாவி என்ற இசைக்கடையும் விழுந்து, சீட்டுகளை வாங்க மறுத்தது. 2013 ஜனவரியிலேயே ஜெஸ்ஸாப்ஸ் என்ற கேமராக் கடையும் அப்படியே செய்தது. 2016-இல் பி.எச்.எஸ். விழுந்தபோது, வாங்கும் பொருளின் விலையில் பாதி வரைக்கும்தான் அட்டை செல்லும், மீதிக்கு ரொக்கம் தர வேண்டும் என்றார்கள்.

ஏன் இப்படி? சட்டத்தின் கண்ணில் பரிசுச் சீட்டு என்பது பரிசே அல்ல, கடன். கடைக்கு நாம் கொடுத்த கைமாற்று. வட்டியில்லை, ஈடில்லை, கையெழுத்தும் இல்லை. கடை விழுந்தால் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். ஈடு வாங்கிய வங்கிக்கும் நிர்வாகச் செலவுக்கும் முன்னிடம். ஊழியர் சம்பளப் பாக்கியில் ஒரு வரம்பு வரைக்கும் முன்னுரிமை உண்டு. சீட்டு வைத்திருப்பவர் கடைசிக் கூட்டத்தில் நிற்கிறார். அங்கே வந்து சேரும்போது பானையில் பெரும்பாலும் பருக்கைகூட மிஞ்சுவதில்லை.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்த இடத்தில் ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. ஈடில்லாமல் கடன் கொடுத்தவனைப் பிரெஞ்சுச் சட்டம் ‘க்ரெயான்சியே கிரோக்ராஃபேர்’ என்கிறது. கிரேக்கத்தில் ‘கீர்’ என்றால் கை, ‘கிராஃபைன்’ என்றால் எழுதுவது. கையால் எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தைத் தவிர வேறு பிடிமானம் இல்லாதவன் என்று பொருள். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது வாயில் நுழையாத சொல்லாக இருந்தது. இன்று டிராயரில் கிடைத்த அட்டையைப் பார்த்ததும் அது நான்தான் என்று விளங்கிவிட்டது.

எச்.எம்.வி. கதைக்கு வருகிறேன். கவுண்டரில் நின்ற இளம்பிள்ளைகளுக்குத் தங்கள் வேலை இருக்குமா என்பதே தெரியாது. அவர்கள்தான் வருகிறவர்களிடமெல்லாம் ‘செல்லாது’ என்று சொல்ல வேண்டியிருந்தது. முடிவெடுத்தவர்கள் யாரும் கவுண்டரில் நிற்கவில்லை.

இது எனக்குப் பழகிய வேதனை. 1980-களில் ஒரு முறை, அந்த ஆண்டு ஒதுக்கீடு தீர்ந்துவிட்டதால் இன்ன தலைப்பில் பில் பாஸ் செய்ய வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து வாய்மொழி உத்தரவு. வெளியூரிலிருந்து ஒரு விதவை அம்மா மூன்றாம் முறையாக பஸ் பிடித்து வந்திருந்தார். “ஏன் தம்பி, போன வாரம் நீதானே இன்னிக்கு வரச் சொன்ன?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. “ஆர்டர் வரலீங்கம்மா” என்றேன். உத்தரவு போட்டவர் முகம் அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவர் நினைவில் தங்கியது என் முகமாகத்தான் இருக்கும்.

எச்.எம்.வி.யில் ஒரு திருப்பம் நடந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஒரே வாரத்தில், ஜனவரி 22 முதல் அட்டைகள் செல்லும் என்று நிர்வாகிகள் மாற்றி அறிவித்தார்கள். ஈடில்லாத கடன்காரர்களில் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்ட அவர்களுக்குப் பொதுவாக வழியில்லை. ஆனால் வியாபாரத்தைக் காப்பாற்ற அது உதவுமானால் செய்யலாம். பெயர் கெட்டுப்போன கடையை யார் விலைக்கு வாங்குவார்கள்? இரக்கத்தைவிட இந்தக் கணக்கே அதிகம் வேலை செய்திருக்கும் என்று நினைக்கிறேன். எப்படியானாலும் பிள்ளைகளுக்குப் பொருள் கிடைத்தது. ஏப்ரலில் ஹில்கோ என்ற நிறுவனம் கடைகளை வாங்கியது.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஃபேர்பாக் என்ற நிறுவனத்தை நம்மூர் தீபாவளிச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் கிறிஸ்துமஸுக்குப் பலகாரக் கூடையும் கடைகளுக்கான பரிசுச் சீட்டும் வரும். 2006 அக்டோபரில், பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, அது கவிழ்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. கட்டியவர்கள் பெரும்பாலும் கைக்கும் வாய்க்கும் எட்டிய வருமானக்காரர்கள். பணம் வசூலித்த ஏஜெண்டுகள் அவர்களுடைய அக்கம்பக்கத்தவர்களும் சொந்தக்காரர்களும். கம்பெனி முதலாளிகள் எங்கோ இருக்க, கதவைத் தட்டிப் பதில் சொன்னது இந்த ஏஜெண்டுகள்தான். ஆறு வருடம் கழித்து, வங்கியும் கொஞ்சம் போட, ஏறக்குறைய பாதிப் பணம் திரும்பியது.

2016-இல் இங்கிலாந்தின் சட்ட ஆணையம் முன்பணம் கொடுத்த வாடிக்கையாளர்களில் சிலருக்கு வரிசையில் முன்னிடம் தரலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் அதற்கு 250 பவுண்டு என்று ஒரு வரம்பு வைத்தது. பத்துப் பவுண்டு, இருபது பவுண்டு அட்டைக்காரர்கள் அதற்குள் வரமாட்டார்கள்.

நல்ல வழி ஒன்று அந்த நாட்டிலேயே முன்பே இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1932-இல் ஹெரால்டு ரேமண்டு என்ற பதிப்பாளரின் யோசனையால் ‘புக் டோக்கன்’ வந்தது. ஒரு புத்தகக் கடையில் வாங்கிய டோக்கனை, திட்டத்தில் சேர்ந்த எந்தப் புத்தகக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். கடைகளுக்கு நடுவிலான கணக்கைப் பொதுவான ஓர் அமைப்பு பார்த்துக்கொள்ளும். விற்ற கடை மூடினாலும் டோக்கன் சாகாது. பணம் ஒரே கடையின் கல்லாப்பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் இதன் சூட்சுமம்.

எச்.எம்.வி. 2018 டிசம்பரில் மறுபடி விழுந்தது. 2019-இல் கனடாக்காரர் ஒருவர் வாங்கினார். மூடிக்கிடந்த ஆக்ஸ்ஃபோர்டு தெரு 363-ஆம் எண் கடை 2023 நவம்பரில் மீண்டும் திறந்தது. நிப்பர் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. நாய் படத் தட்டு கேட்டு வளர்ந்தவனுக்கு இதில் ஒரு சந்தோஷம்.

நண்பர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். பரிசு அட்டை கைக்கு வந்தால் அந்த மாதமே செலவழித்துவிடுங்கள். அது டிராயரில் இருக்கும் ஒவ்வொரு நாளும் கடைக்கு நீங்கள் கொடுத்திருக்கும் கைமாற்று. இன்னொன்று, எந்தக் கவுண்டரிலாவது ‘செல்லாது’ என்று சொன்னால், சொல்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள். உத்தரவு போட்டவர் யார், எழுத்தில் தரமுடியுமா என்று கேளுங்கள். அந்த அம்மா அன்றைக்கு அப்படிக் கேட்டிருந்தால், பதில் சொல்ல வேண்டியவர் நானாக இருந்திருக்கமாட்டேன்.

வருகிற தையில் என் தங்கை பேரனுக்குக் கல்யாணம். மொய்க் கவரில் ரொக்கமாக ஆயிரத்தொன்று வைப்பதாக முடிவு செய்திருக்கிறேன்.