டயரில் காணாமல் போன ஒரு எண்

புனேவுக்கு வந்து ஏழெட்டு வருடம் கழித்துதான் சொந்தமாக ஒரு ஸ்விஃப்ட் வாங்கினேன். இருப்பதிலேயே விலை குறைந்த மாடல். இரும்புச் சக்கரம், டயர் 165/80 ஆர்14. டயர் மொட்டையானதும் மாற்றப் போனேன். "எதுக்கு சார் மறுபடியும் 14? அலாய் வீல் 15 போட்டுடலாம், வண்டி கம்பீரமா நிக்கும்" என்றார் கடைக்காரர். சபலம் யாரை விட்டது? 205/65 ஆர்15 மாட்டிக்கொண்டு வந்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், பின் சீட்டில் அம்மா, டிக்கி நிறைய சாமான். சாத்தாரா போகும் வழியில் கம்பாட்கி மலைப்பாதை வளைவுகளில் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். பள்ளத்தில் இறங்கினால் இன்னும் பலமாக. நிறுத்திப் பார்த்தால், மட்கார்டின் உள்பக்க பிளாஸ்டிக்கை டயர் தேய்த்துக் கிழித்திருந்தது. டயரின் தோள்பட்டையிலும் கீறல். அந்த நிலைமையில் இன்னும் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் போக தைரியம் வரவில்லை. வண்டியைத் திருப்பினேன். பொங்கல் நேரத்தில் ரயில் டிக்கெட் கிடைக்குமா? அந்த வருடப் பொங்கல் புனேயில் குக்கரில்தான் பொங்கியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஊரில் அம்பாசடர் டாக்சி ஓட்டிய மாமாவிடம் போனில் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்ன மருமவனே, டயர் உயரத்தப் பாத்தியா இல்லியா?"

பார்க்கவில்லை. ஏனென்றால் டயரில் உயரம் எழுதியிருக்காது! ஏன் எழுதவில்லை என்று தேடிப் போனபோது கிடைத்ததுதான் இந்தக் கதை.

1887-ல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். (ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அது தெரிய வந்ததும் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது.) 1895-ல் பாரிஸ் - போர்தோ பந்தயத்தில் மிஷ்லின் சகோதரர்கள் இதைக் காரில் மாட்டி ஓட்டிக் காட்டினார்கள்.

அந்தக் காலத்து அளவுகள் எளிமையானவை. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யின் பின் டயர் 30 × 3½. முதல் எண் டயரின் முழு உயரம், அங்குலத்தில். இரண்டாவது தடிமன். 30-ல் இருந்து 3½-ஐ இரண்டு தடவை கழித்தால் 23, அதுதான் சக்கரத்தின் அளவு. முன் டயர் 30 × 3, அதற்குச் சக்கரம் 24. சக்கரம் வேறு, தடிமன் வேறு, ஆனால் உயரம் ஒன்று. முதல் எண்ணைப் பார்த்தால் போதும், ஏமாற வழியில்லை.

1920-களில் தடித்த, காற்றழுத்தம் குறைந்த 'பலூன்' டயர்கள் வந்தன. எழுதும் முறையும் மாறியது. 1928 மாடலாக வந்த ஃபோர்டு மாடல் ஏ-க்கு 4.50-21. அதாவது அகலம் 4.50 அங்குலம், சக்கரம் 21 அங்குலம். முழு உயரம் அங்கேதான் காணாமல் போனது. அப்போது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. டயரின் பக்கச்சுவர் ஏறக்குறைய அகலத்தின் அளவே இருந்ததால் மனக்கணக்கு போட்டுவிடலாம். நம் அம்பாசடரின் 5.90-15, பிரீமியர் பத்மினியின் 5.20-14 எல்லாம் இந்த வம்சம்தான்.

அடுத்து ரேடியல். மிஷ்லின் 1946-ல் காப்புரிமை வாங்கி 1949-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய டயரில் நூலிழைகள் குறுக்கும் மறுக்கும் சாய்ந்து ஓடும். ரேடியலில் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு நேராக ஓடும், மேலே எஃகுக் கம்பிப் பட்டை. ஐரோப்பியர்கள் அகலத்தை மில்லிமீட்டரில் எழுதினார்கள். பிறகு பக்கச்சுவர் குட்டையாகிக்கொண்டே போனது. 70, 60 என்று இறங்கி, 1970-களில் போர்ஷே 911 டர்போவுக்கு வந்த பிரெல்லி பி7-ல் அகலத்தில் பாதி, அதாவது 50 சதவீதம். எனவே சதவீதத்தையும் எழுத வேண்டியதாயிற்று.

இப்படித்தான் அகலம் மில்லிமீட்டரில், பக்கச்சுவர் சதவீதத்தில், சக்கரம் அங்குலத்தில் என்று ஒரே வரியில் மூன்று கணக்கு வந்து சேர்ந்தது. மிஷ்லின் 1975-ல் டிஆர்எக்ஸ் என்ற டயரைக் கொண்டுவந்து, சக்கரத்தையும் 390 மில்லிமீட்டர் என்று மாற்றிப் பார்த்தது. சாதாரண டயர் அந்தச் சக்கரத்தில் ஏறாது, அந்த டயர் சாதாரணச் சக்கரத்தில் ஏறாது. அந்த முறை நிலைக்கவில்லை. அங்குலம் ஜெயித்தது.

சரி, காணாமல் போன எண்ணை நாமே கண்டுபிடிப்போம். அகலத்தைச் சதவீதத்தால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, சக்கர அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கிக் கூட்டினால் முழு உயரம்.

165/80 ஆர்14: 264 + 355.6 = 619.6 மி.மீ.
205/65 ஆர்15: 266.5 + 381 = 647.5 மி.மீ.
185/65 ஆர்15: 240.5 + 381 = 621.5 மி.மீ.

கடைக்காரர் எனக்கு மாட்டியது நாலரை சதவீதம் உயரம், அதோடு 40 மி.மீ. கூடுதல் அகலம். ஆள் ஏறி வண்டி அமுங்கினால் தேய்க்காமல் என்ன செய்யும்? ஸ்பீடோமீட்டருக்கும் இது தெரியாது. அது சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது. அதனால் பழைய டயரில் காட்டியதைவிட நாலு சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். மைலேஜ் கணக்கும் தப்பு. மூன்று சதவீதம் வரை பரவாயில்லை என்பார்கள் இந்தத் தொழிலில் இருப்பவர்கள். ஒன்றுக்குள் இருந்தால் நிம்மதி.

இன்னும் ஒன்று. அளவுக்குப் பக்கத்தில் 85 என்பது போல ஓர் எண் இருக்கும். அது எடை தாங்கும் குறியீடு. 85 என்றால் ஒரு டயருக்கு 515 கிலோ, 88 என்றால் 560. புதிய டயரில் இது பழையதைவிடக் குறையக் கூடாது. குடும்பத்தோடு சாமான் ஏற்றி ஊருக்குப் போகிற நமக்கு, பளபளப்பைவிட இது முக்கியம்.

கடைசியில் நான் போட்டது 185/65 ஆர்15. ஸ்விஃப்டின் விலை கூடிய மாடல்களுக்குக் கம்பெனியே கொடுத்த அளவு. முதலிலேயே டிரைவர் பக்கக் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் படித்திருந்தால், அதில் உள்ள அளவை வைத்து உயரத்தைக் கணக்குப் போட்டு, அதற்கு ஏற்ற டயரைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். நீங்களாவது படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அடுத்த பொங்கலுக்கு அதே மலைப்பாதையில் சத்தமே இல்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் மாமா எங்களை விசாரிக்கும் முன்பே குனிந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல்களை விட்டுப் பார்த்தார். நாலு விரல் தாராளமாகப் போனது. "இப்ப சரி" என்றார்.

அதற்குப் பிறகுதான் அம்மாவும் என்னோடு சரியாகப் பேசினாள் :-)