கொல்லைக்கு எந்த டிரக்? பதில் 1987-ல இருக்கு

"வீட்டுக் கொல்லையில சும்மா ஓட்ட எந்த ஆர்சி டிரக் வாங்கலாம்?"னு ஒருத்தர் கேட்டிருந்தார். இதுல நான் ஏற்கெனவே சூடு பட்டவன். அக்கா பையன் பிறந்தநாளுக்கு, பெட்டி மேல மணிக்கு 60 கிலோமீட்டர்னு போட்டிருந்ததைப் பார்த்து மயங்கி ஒரு வண்டி வாங்கிட்டுப் போனேன். இன்ஜினியர்தானே, ஒரு கணக்குப் போட்டிருக்கலாம். 60 கிலோமீட்டர்னா நொடிக்கு 16 மீட்டருக்கும் மேல. அக்கா வீட்டுக் கொல்லை மொத்தமே 10 மீட்டர். மூணாவது ஓட்டத்துலயே துவைக்கிற கல்லுல மோதி முன்சக்கரம் தனியா உருண்டு போச்சு. பையன் அழக்கூட இல்லை. என்னையே பார்த்தான்.

அப்புறம்தான் இந்த வண்டிகளோட வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தேன்.

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்தைச் சேர்ந்த டமியா, பிளாஸ்டிக் மாடல் செய்துவந்த கம்பெனி. 1976-ல் அவர்கள் கொண்டுவந்த முதல் ரேடியோ கார், போர்ஷே 934. தரையை ஒட்டி ஓடும் வண்டி, புல்லில் விட்டால் அவ்வளவுதான். 1979-ல் சாண்ட் ஸ்கார்ச்சர் வந்து மணலில் இறங்கியது.

அதே காலத்துல அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் பக்கம், பாப் சாண்ட்லர்னு ஒருத்தர். தன் ஃபோர்டு பிக்கப்பைக் கரடுமுரடான இடத்துல ஓட்டுவார், ஏதாவது உடையும். உடைஞ்சதுக்குப் பதிலா இன்னும் பெருசா ஒண்ணு மாட்டுவார். டயரைப் பெருசாக்கினா அச்சு தாங்காது, உடனே அச்சும் பெருசாகும். இப்படியே வளர்ந்ததுதான் பிக்ஃபுட். 1981-ல் பழைய கார்கள் மேல அதை ஏத்தி நசுக்கிக் காட்டினார். மான்ஸ்டர் டிரக் மோகம் பத்திக்கிச்சு.

1987-ல் டமியா அந்த மோகத்தைப் பிடித்தது. ரெண்டு மோட்டார், நாலு சக்கரமும் திரும்புற கிளாட் பஸ்டர் ஒண்ணு. எனக்குப் பிடிச்சது அதே வருஷம் வந்த லஞ்ச் பாக்ஸ். மஞ்சள் வேன், ஒரே மோட்டார், பின்சக்கரம்தான் தள்ளும். வேகம் கூட்டினா முன்பக்கம் தூக்கிக்கும். ரேஸுக்கு லாயக்கே இல்லை. ஆனா கொல்லையில ரேஸ் எங்கே நடக்குது? கல்லோட உயரம் சக்கரத்தின் ஆரத்தை நெருங்கினா சக்கரம் ஏறாது, முட்டி நிக்கும். அதனாலதான் பெரிய டயர். உள்ளே காத்து மெத்தை மாதிரி இருக்கிறதால பாதிக் குலுக்கலை டயரே வாங்கிக்கும். வளைவுல கவிழும், அதையும் சொல்லிடறேன். புல்லுல கவிழ்ந்தா பெரிசா ஒண்ணும் ஆகாது.

அதனால பெட்டியில வேகத்தைப் பார்க்காதீங்க. டயர் எவ்வளவு உயரம், உதிரி பாகம் தனியா கிடைக்குமா, இது ரெண்டையும் பாருங்க.

லஞ்ச் பாக்ஸை டமியா மறுபடியும் வெளியிட்டிருக்காங்க. பாகம் பாகமாத்தான் வரும். நானும் பையனும் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாட்டினோம். போன மாசம் கியர் பாக்ஸை அவனே கழட்டி மாட்டிட்டு எனக்கு போன் பண்ணினான். ஒரு திருகு மிச்சம் இருக்காம். வண்டி ஓடுதாம்.