கறி வந்த வழி

கும்பகோணத்தில் நண்பன் வீட்டில் முதல் தடவை சாப்பிட உட்கார்ந்தபோது அவன் அம்மா, "கறி இன்னும் கொஞ்சம் போட்டுக்கோப்பா" என்றார். மதுரைக்காரனான எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கம் கறி என்றால் ஆடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வாசலில் தூக்குவாளியோடு காத்து நிற்பது. இங்கே இலையில் விழுந்ததோ வாழைக்காய்.

சங்கப் பாட்டுகளில் கறி என்பது ஆடும் இல்லை, வாழைக்காயும் இல்லை, மிளகு. யவனர் கலங்கள் சேரநாட்டு முசிறிக்குப் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து சேர்ந்த கறி மூட்டைகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது.

மிளகு எப்படி வாழைக்காய் ஆனது? பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் வீட்டுச் சமையல் ஒன்று வருகிறது. மாதுளங்காயைப் பிளந்து, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து, பசு வெண்ணெயில் வேகவைக்கிறார்கள். கும்பகோணத்து இலையில் விழுந்ததற்கு இதுதான் பாட்டன். காரத்துக்குப் போட்ட சரக்கின் பெயர் காரம் ஏறிய காய்க்கும் இறைச்சிக்கும் ஒட்டிக்கொண்டது என்றே எனக்குப் படுகிறது. கறித்தல் என்றால் கடித்துத் தின்பது, பெயர் அதிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. எப்படியானாலும் மிளகு அந்தப் பெயரை இழந்துவிட்டது. இலங்கையில் காய்க்கு மரக்கறி என்றே பெயர். சோற்றோடு சேர்வது மீனானாலும் பருப்பானாலும் கறிதான்.

போர்த்துக்கீசியர் வாயில் இது 'கரில்' ஆயிற்று. ஆங்கிலேயர் வாயில் 'கர்ரி'. 1747இல் லண்டனில் வெளிவந்த ஹன்னா கிளாஸின் சமையல் புத்தகத்தில் கோழிக் கர்ரி இருக்கிறது. அதில் போடச் சொல்வது மிளகும் கொத்தமல்லி விதையும், மிளகாய் இல்லை. பிறகு வெள்ளைக்காரர்கள் மஞ்சள் தூக்கலான ஒரு பொடியைப் புட்டியில் அடைத்து, அதற்கும் கர்ரி என்றே பெயர் வைத்தார்கள். எங்கள் வீட்டு அடுக்களையில் அப்படி ஒரே பொடியால் எல்லாவற்றையும் ஒப்பேற்றுவது கிடையாது. அந்தப் பொடிதான் ஜப்பானுக்குப் போய்ச் சோற்றின் மேல் 'கரே' ஆனது. 1949இல் பெர்லினில் ஹெர்டா ஹோய்வர் என்ற பெண்ணின் கையில் பன்றித் தொத்திறைச்சி மேல் ஏறியது.

அதனால், வேற்றூரில் யாராவது கறி போடட்டுமா என்று கேட்டால், எது என்று பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.