பனிக்காலத்தில் பிறந்த டூர்

வீரபாண்டி கௌமாரியம்மன் கோவில் சித்திரைத் திருவிழா எட்டு நாள் நடக்கும். ராட்டினமும் வளையல் கடையும் மிட்டாய்க் கடையும் முல்லைப் பெரியாற்றங்கரையில் வந்து இறங்கும். கூட்டம் கலைந்ததும் எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போய்விடுவார்கள். அந்த வியாபாரிகளுக்கு வருஷம் என்றால் ஊர்களின் வரிசைதான். கால்ஃப் ஆடிப் பிழைக்கும் ஆண்களின் வருஷமும் இதே மாதிரிதான் போகிறது. ஒரு வாரம் ஓர் ஊர், நான்கு நாள் ஆட்டம், பிறகு மூட்டை கட்ட வேண்டியது. இந்த ஊர் வரிசைக்குத்தான் டூர் என்று பெயர்.

பணக்காரர் ஆட்டம் என்பதால் இந்த ஏற்பாட்டையும் யாரோ பணக்காரர்தான் தொடங்கியிருப்பார் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இதைத் தொடங்கி வைத்தது வேலையில்லாத மாதங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய கால்ஃப் ஆட்டக்காரர்கள் அங்கே கிளப்புகளின் சம்பளக்காரர்கள். மட்டை செய்து கொடுப்பார்கள், உடைந்ததை ஒட்டுவார்கள், உறுப்பினர்களுக்கு ஆடக் கற்றுக்கொடுப்பார்கள். 1895இல் நடந்த முதல் யு.எஸ். ஓபனில் ஜெயித்த ஹோரஸ் ராலின்ஸுக்குக் கிடைத்த பரிசு 150 டாலர். அவரும் ஒரு கிளப்பில் உதவியாளராக இருந்த இளைஞர்தான். இத்தனை செய்தவர்களுக்குப் பெரும்பாலான கிளப் மாளிகைகளின் முன்வாசலில் இடமில்லை. 1920இல் டொலிடோ நகரின் இன்வெர்னஸ் கிளப் யு.எஸ். ஓபனை நடத்தியபோது தொழில்முறை ஆட்டக்காரர்களையும் உள்ளே அழைத்து உபசரித்தது. அந்த மரியாதையை மறக்காமல் அவர்கள் பணம் திரட்டி, ஆள் உயரக் கடிகாரம் ஒன்றை அந்தக் கிளப்புக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். கால்ஃப் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அந்தக் கடிகாரம்தான். எந்தக் கோப்பையும் அதற்கு ஈடாகாது.

வட மாநிலங்களில் பனி விழுந்து புல்லை மூடிவிட்டால் கிளப் பூட்டிக்கொள்ளும், சம்பளமும் நின்றுவிடும். அந்த மாதங்களை ஓட்ட அவர்கள் ஃப்ளோரிடா, டெக்சஸ், கலிஃபோர்னியா என்று வெயில் இருக்கும் பக்கம் போனார்கள். அங்கே உல்லாச விடுதிக்காரர்களுக்கு விருந்தாளிகள் வேண்டும். நகர வணிகர்களுக்கோ, நடுக் குளிர்காலத்திலும் எங்கள் ஊரில் வெயிலடிக்கிறது என்று நாட்டுக்குச் சொல்ல வேண்டும். அதற்காகப் பரிசுப் பணம் வைத்தார்கள். 1922இல் சான் அன்டோனியோவில் டெக்சஸ் ஓபன் 5,000 டாலர் பரிசோடு தொடங்கியது, அதுவும் நகராட்சியின் பொது மைதானத்தில். நான்கே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் 10,000 டாலர் வைத்தது. குளிர்காலப் பிழைப்பாக இருந்தது மெல்ல ஒரு வரிசையானது.

அந்த வரிசையை நாட்காட்டியாக ஆக்கியவர் பாப் ஹார்லோ. வால்டர் ஹேகன் என்ற பெரும் ஆட்டக்காரரின் மேலாளராக இருந்த பத்திரிகைக்காரர். 1916இல் உருவான தொழில்முறை கால்ஃப் சங்கம் 1930இல் போட்டிகளைக் கவனிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. குளிர்காலத்தோடு நிற்காமல் வருஷம் முழுவதும் போட்டிகள் வேண்டும் என்று அவர் ஊர் ஊராகப் பேசினார். இன்று சீசன் என்று நாம் சொல்வதன் வடிவம் அவர் கையில் உருவானது. ஆனால் அந்த வரிசையில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை. வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியை 1961இல்தான் அந்தச் சங்கம் நீக்கியது. கறுப்பின மக்கள் பை சுமக்கலாம், ஆடக்கூடாது என்று இருந்த காலம் அது. பின்னால், கற்றுக்கொடுப்பவர்களுக்கும் போட்டியில் ஆடுபவர்களுக்கும் வருமானம் பற்றிய சச்சரவு முற்றி, 1968இல் ஆடுபவர்கள் தனியே பிரிந்தார்கள். இன்றைய பி.ஜி.ஏ. டூர் அந்தப் பிரிவினையின் பிள்ளை. ஐரோப்பிய டூர் 1972இல் வந்தது.

நம் பக்கம் கால்ஃப் வந்தது இதற்கெல்லாம் முன்பே. கல்கத்தா கிளப் 1829இல் தொடங்கியது. வீரபாண்டி இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றியிருக்கும் மலைகளிலும் அந்தக் காலத்திலேயே குழி தோண்டிவிட்டார்கள். கொடைக்கானல் கால்ஃப் கிளப்புக்கு வயது 1895லிருந்து எண்ண வேண்டும். மேற்கே மூணாறில் தேயிலைத் துரைமார்களின் ஹைரேஞ்ச் கிளப் இருக்கிறது, டாப் ஸ்டேஷன் போகும் வழியில் குண்டளையில் இன்னொரு மைதானம் இருக்கிறது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்தன. தேயிலை இறங்கியது, கால்ஃப் இறங்கவில்லை. மேலே நடந்ததெல்லாம் உறுப்பினர்கள் கோப்பைக்காக ஆடிய ஆட்டம். அதில் யாரும் சோறு சம்பாதிக்கவில்லை.

சோற்றுக்காக ஆடியவர்கள் வேறு வாசல் வழியாக வந்தார்கள். டெல்லி, கல்கத்தா, லக்னோ, பெங்களூர் மைதானங்களில் உறுப்பினர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த பையன்கள், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர்கள். 1964இல் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் ஊக்கத்தால் இந்திய ஓபன் டெல்லியில் தொடங்கியது. முதல் பட்டமும் அவருக்கே. அடுத்த வருஷம் பி.ஜி. சேத்தி ஜெயித்தார், ஆனால் அவர் பணத்துக்காக ஆடாத அமெச்சூர். 1970இல் அன்றைய ஆசிய கால்ஃப் சர்க்யூட் வரிசையில் இந்திய ஓபனும் சேர்ந்தது. வெளிநாட்டார் ஒரு வாரம் வந்து ஆடிப் போனார்கள். மற்ற வாரங்களில் நம் ஆட்டக்காரர்களுக்கு மறுபடி பை, மறுபடி பயிற்சி. பை தூக்கி வளர்ந்த அலி ஷேர் 1991இல் ஜெயித்தபோதுதான் ஓர் இந்தியத் தொழில்முறை வீரர் கையில் அந்தக் கோப்பை முதன்முறையாக வந்தது. ஜெயிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று அந்த வாரம் காட்டியது. அவர்கள் ஆட மற்ற ஐம்பது வாரங்கள் எங்கே என்ற கேள்வி மீதமிருந்தது.

இந்தக் கேள்விக்குப் பதிலாக 2006இல் பிறந்ததுதான் இந்திய தொழில்முறை கால்ஃப் டூர், பி.ஜி.டி.ஐ. நேரம் கனிந்திருந்தது. ஜீவ் மில்கா சிங் அதே ஆண்டில் ஐரோப்பிய டூரில் சீன ஓபனையும், ஸ்பெயினின் வால்டெர்ராமாவில் வால்வோ மாஸ்டர்ஸையும் வென்று, ஆசிய டூரின் பண வரிசையிலும் முதலிடம் பிடித்தார். பி.ஜி.டி.ஐ.யில் தகுதிச் சுற்றில் தேறினால் சீசன் முழுக்க ஆடலாம், வென்ற பணம் வரிசையில் சேரும், வருஷக் கடைசியில் அந்த வரிசையே அடுத்த வருஷ இடத்தைத் தீர்மானிக்கும். இலங்கையின் தங்கராஜா போன்ற அண்டை நாட்டு வீரர்களும் இங்கே வந்து ஆடுகிறார்கள்.

ஒரு விதி மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான்கு நாள் போட்டியில் முதல் இரண்டு நாள், 36 குழிகள் முடிந்ததும் 'கட்' விழும். ஏறக்குறைய பாதிப் பேர் வெளியே. அவர்களுக்குப் பரிசு சல்லிக்காசு கிடையாது. ரயில் செலவு, தங்கும் செலவு, தன் பையைத் தூக்குபவருக்குக் கூலி எல்லாம் சொந்தக் கை. அப்பா பணம் இருக்கும் வீரரால் பத்து வாரம் இப்படித் தோற்க முடியும். பை தூக்கி வந்தவரால் முடியாது. டூரை உண்டாக்கியவர்கள் கூலிக்காரர்கள் என்றால், அதில் நீடிப்பதும் கூலிக்காரனால் முடிய வேண்டும். வெளியேறுவோருக்குக் குறைந்தபட்சம் வழிச்செலவாவது கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

இத்தனைக்கும் நடுவே சிலர் மேலே வந்துவிடுகிறார்கள். பெங்களூரில் பை தூக்கிய சின்னசாமி முனியப்பா 2009இல் இந்திய ஓபனை வென்று, ஏறக்குறைய 2 லட்சம் டாலர் பெற்றார். மத்தியப் பிரதேசத்தின் மோவ் ஊர்க்காரர் முகேஷ் குமார் உள்நாட்டிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட பட்டங்கள் வென்றவர். 2016இல், 51 வயதில், ஆசிய டூரில் முதல் வெற்றி பெற்றார். அந்த டூரில் அவ்வளவு வயதில் அதற்கு முன் யாரும் ஜெயித்ததில்லை. அவர் காலத்தில் மோவிலிருந்து ஐரோப்பாவுக்கு நேர் வழி இல்லை. 2023இல் அந்த வழி திறந்தது: இந்திய டூரின் பண வரிசையில் முதலிடம் பிடிப்பவருக்கு அடுத்த சீசனில் ஐரோப்பிய டூரில் ஆட இடம். அதை முதலில் வாங்கியவர் ஓம் பிரகாஷ் சௌஹான். அவருக்கும் ஊர் மோவ்தான்.