ஒரே ஒரு ஓட்டு

எங்கள் லக்ஷ்மிபாய் நகரில் தமிழ்க் குடும்பங்களுக்குச் சில வசதிகள் உண்டு. தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இங்கேயே இருக்கிறது. முருங்கைக்காய் வேண்டுமா, பக்கத்தில் ஐ.என்.ஏ. மார்க்கெட். பேட்டைக்குப் பெயர் தந்த ஜான்சி ராணியை எல்லோருக்கும் தெரியும். தத்துப்பிள்ளை வாரிசாக முடியாது என்று சொல்லி 1854-ல் கும்பினியார் அவர் ராஜ்யத்தைப் பிடுங்கிக்கொண்டு பென்ஷன் தருகிறோம் என்றார்கள்.

ராஜாக்களுக்குப் பென்ஷன் கொடுக்கும் விவகாரம் அத்தோடு முடியவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானங்களை இணைத்தபோது, மன்னர்களுக்கு ஆண்டுதோறும் மானியம் தருவதாகப் படேலும் வி.பி. மேனனும் வாக்குக் கொடுத்தார்கள். நம் பக்கத்துப் புதுக்கோட்டை இணைந்தது 1948 மார்ச்சில். அந்த வாக்கு அரசியல் சாசனத்திலேயே 291-ஆவது ஷரத்தாக ஏறியது. எனவே மானியத்தை நிறுத்த வேண்டுமென்றால் சாசனத்தையே திருத்தியாக வேண்டும்.

இங்கேதான் ராஜ்ய சபா வருகிறது. "மேல்சபை சும்மா அலங்காரம், தேர்தலில் தோற்றவர்கள் போய் உட்காரும் இடம்" என்று நம்மவர்கள் சொல்வது வழக்கம். பாதி உண்மை. பண மசோதா என்றால் 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அது சொல்லும் யோசனையை லோக் சபா குப்பையில் போடலாம். சாதாரண மசோதாவில் தகராறு முற்றினால் கூட்டுக் கூட்டம். அங்கே 543 பேர் கொண்ட சபை 245 பேரை எளிதில் அமுக்கிவிடும். இதுவரை மூன்றே முறை அப்படி நடந்திருக்கிறது: 1961-ல் வரதட்சிணைத் தடைச் சட்டம், 1978-ல் வங்கிப் பணி ஆணைய ரத்து, 2002-ல் பொடா. ஆனால் சாசனத் திருத்தத்துக்குக் கூட்டுக் கூட்டமே கிடையாது. இரண்டு சபையும் தனித்தனியாக, வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கோடு நிறைவேற்ற வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவும் வேண்டும்.

1969-ல் காங்கிரஸ் உடைந்தபின் இந்திரா காந்தியின் அரசு தி.மு.க., கம்யூனிஸ்ட்கள் தயவில் ஓடிக்கொண்டிருந்தது. மன்னர் மானிய ஒழிப்பு மசோதா 1970 செப்டம்பர் 2 அன்று லோக் சபாவில் தேறியது. செப்டம்பர் 5, ராஜ்ய சபா. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224. அதில் மூன்றில் இரண்டு பங்கு 149.33!

ஒரு ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. மனிதரை மூன்றாக நறுக்க முடியாதே :-) இன்னும் ஒருவர் வந்து கை தூக்கியிருந்தால் 225-க்கு 150, கச்சிதம். எதிர்த்தவர்களில் ஒருவர் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தாலும் போதும். மசோதா விழுந்தது.

மறுநாளே ஜனாதிபதி வி.வி. கிரியின் உத்தரவில் மன்னர்களின் அங்கீகாரம் மொத்தமாக ரத்தானது. எனக்கு இது கொல்லைப்புற வழியாகத்தான் படுகிறது. மானியம் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான், ஆனால் சபை மறுத்ததைக் கையெழுத்தில் முடிப்பது வேறு விஷயம். சுப்ரீம் கோர்ட்டும் டிசம்பர் 15 அன்று உத்தரவு செல்லாது என்றது. டிசம்பர் 27-ல் லோக் சபா கலைக்கப்பட்டது. 1971 மார்ச் தேர்தலில் இந்திரா 352 இடங்களோடு திரும்பி வந்தார்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ராஜ்ய சபாவைக் கலைக்க முடியாது. உறுப்பினர் பதவிக் காலம் ஆறு வருடம்; இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். அந்தச் சுற்று 1970-ல் முடிந்திருந்தது, அடுத்தது 1972-ல். ஆகவே 1971 டிசம்பரில் 26-ஆவது திருத்தம் வந்தபோது அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பழைய ஆட்களே. அதே சபை இம்முறை சுலபமாக நிறைவேற்றிவிட்டது. ஊர் ஓட்டுப் போட்டதை அவர்களும் பார்த்தார்களே!

1989-லும் இப்படி ஒன்று. 400-க்கும் மேல் இடம் வைத்திருந்த ராஜீவ் காந்தியின் பஞ்சாயத்து ராஜ் திருத்தம் அக்டோபரில் ராஜ்ய சபாவில் தோற்றது. அது வேறு வடிவில், 73-ஆவது திருத்தமாக, 1993 ஏப்ரல் 24-ல்தான் அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கு அந்தச் சபையில் 18 பேர். அவர்களை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, நம் எம்.எல்.ஏ.க்கள்தான் அனுப்புகிறார்கள். ஊருக்குப் போய்ச் சட்டசபைத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறவர்கள் இந்த 18-ஐயும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.