வாடகைக் கப்பலும் சொந்தக் கப்பலும்

சென்ற வாரம் பெங்களூரிலிருந்து பேத்தி போனில் பேசினாள். "தாத்தா, நீங்க எழுதுறதை எல்லாம் இலவசமா இடம் குடுக்கிற கம்பெனியிலேயே வச்சிருக்கப் போறியளா, இல்ல சொந்தமா ஒரு சர்வர் வாங்கி வீட்டிலேயே போட்டிருவமா?" என்று கேட்டாள். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். எனக்கு சர்வர் சமாச்சாரம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வாடகையா, சொந்தமா என்ற பரீட்சையை நம் தூத்துக்குடி 1906-லேயே எழுதியிருக்கிறது. அந்த விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன்.

அப்போது தூத்துக்குடி - கொழும்பு கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. அதற்குப் போட்டியாக, 1906 அக்டோபர் 16-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை துணைச் செயலாளர்; ஓடியாடி வேலை பார்த்தவர் அவர்தான். ஹாஜி பக்கீர் முகமது சேட் ஒருவரே 8,000 பங்குகள் வாங்கினார்.

கம்பெனி இருந்தது, கப்பல் இல்லை. பம்பாயின் ஷாலைன் ஸ்டீமர்ஸ் என்ற கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். சரக்கும் சேர்ந்தது, ஆளும் சேர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கம்பெனி ஷாலைனை நெருக்கியது. அவர்கள் கப்பலைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். சுதேசிக் கம்பெனி எந்தத் தவறும் செய்யவில்லை. மூன்றாமவர் ஒருவர் கப்பல்காரரை மிரட்டியதே போதுமானதாக இருந்தது. உடனே கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்துப் போக்குவரத்தைத் தொடர்ந்தார்கள்.

இனி வாடகை ஆகாது என்று வ.உ.சி. பம்பாய்க்குக் கிளம்பினார். வந்தால் கப்பலோடு வருவேன், இல்லாவிட்டால் கடலில் விழுந்து மடிவேன் என்று சபதம் செய்து போனதாகச் சொல்வார்கள். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் 1,300 சாதாரணப் பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். ஊரே கொண்டாடியது.

சொந்தக் கப்பல் வந்ததோடு கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. கப்பல் ஓடினாலும் நின்றாலும் மாலுமிகளுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். நிலக்கரி, பழுதுபார்ப்பு என்று செலவு நிற்காது. எதிராளியோ கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பயணமும் இலவசம், கையில் ஒரு குடையும் இலவசம் என்ற அளவுக்கு இறங்கினான். 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. பிறகு அப்பீலில்தான் குறைந்தது. அவர் சிறையில் இருக்கும்போதே, 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் அந்த எதிரிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை.

இதை வெள்ளைக்காரன் சூழ்ச்சி என்று சொல்லி நாம் முடித்துவிடுவோம். அது உண்மைதான். ஆனால் முப்பது வருஷம் கணக்கெழுதிய எனக்கு வேறு இரண்டு பாடங்களும் தெரிகின்றன. வாடகைக் கப்பல் அடுத்தவன் ஒரு வார்த்தையில் போய்விடும். சொந்தக் கப்பலோ, பக்கத்தில் நின்று பார்க்கும் ஆள் போனால் போய்விடும். இரண்டுக்கும் நடுவே இன்னொன்று இருக்கிறது. ஷாலைன் கப்பல் போன பிறகும் கம்பெனி ஏன் படுக்கவில்லை? பெயரும், பங்குதாரர்களும், வியாபாரிகளின் நம்பிக்கையும் சுதேசிக் கம்பெனியிடமே இருந்தன. அதனால்தான் இன்னொரு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்த முடிந்தது.

இப்போது என் எழுத்துக்கு வருகிறேன். இலவச இடம் என்றைக்கும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. யாகூ நடத்திய ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. எத்தனையோ பேர் ஆசையாகக் கட்டிய பக்கங்கள் அதோடு போயின. சரி, வீட்டிலேயே சர்வர் வைக்கலாம் என்றால், 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பார்க்கிறேன். தண்ணீர் வடியும்வரை மெழுகுவர்த்தியில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெட்டி அன்றைக்கு என்ன ஆகியிருக்கும்? உப்புக் காற்று வேறு. எனக்கு வயது எழுபத்து நாலு. நான் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் படுத்தால் யார் அதைக் கவனிப்பார்?

ஆகவே இப்படி முடிவு செய்திருக்கிறேன். இணைய முகவரி என் பெயரில் இருக்கும்; வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிப்பேன். எழுத்தை வைக்கும் இடம் வாடகைதான். அவர்கள் மூடினாலும், கையை விரித்தாலும், முகவரியை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டால் படிக்கிறவர்கள் பழைய முகவரியிலேயே வரலாம். மாதம் ஒருமுறை எல்லாக் கட்டுரைகளையும் படங்களையும் நகல் எடுத்து ஒன்றை என் பீரோவிலும் ஒன்றை பேத்தியிடமும் வைப்பது. கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதி வீட்டுக்காரியிடம் கொடுத்தாயிற்று.

பேத்தியிடம் சொன்னேன். "அப்போ நான்தான் துணைச் செயலாளரா, தாத்தா?" என்றாள். ஆமாம், சம்பளம் மட்டும் கிடையாது என்றேன்.

நீங்களும் உங்கள் எழுத்து, பழைய படங்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் ஒருவரிடமாவது இன்றைக்கே சொல்லி வையுங்கள்.