முன்பணமும் வாசற்கதவும்

சென்னைப் பட்டணத்தில் வீடுகள் காலியாகக் கிடந்த காலமும் ஒன்று உண்டு. 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று அஞ்சி ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரை விட்டு ஓடினார்கள். பயம் தெளிந்து திரும்பிய பிறகோ வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1941-இலேயே பிறந்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு, 1946, 1949, 1960 ஆகிய வருஷங்களில் சட்டமாக வளர்ந்தது.

1960-ஆம் வருஷத்துச் சட்டம் கண்டிப்பாகச் சொல்லிற்று: முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால் நடந்தது என்ன? சட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பத்து மாத அட்வான்ஸ் என்பதே நாளடைவில் ஊர் வழக்காகிவிட்டது!

அது வெறும் பணமா? இல்லை, குடித்தனக்காரருக்கு வாய்ப்பூட்டு. குழாயைப் பார்க்கிறேன், சுவரைப் பார்க்கிறேன் என்று வீட்டுக்காரர் சமையலறை வரை வந்து நிற்பார். "சொல்லிவிட்டு வரக் கூடாதா, ஸார்?" என்று கேட்க நா எழாது. கேட்டால், காலி செய்யும் நாளில் வெள்ளையடித்த செலவு, ஆணியடித்த சேதம் என்று கணக்கு நீளுமே!

தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை அளவாக வைத்தது. வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும் என்றது. இரண்டும் ஒரே சட்டத்தில் அமைந்தது பொருத்தந்தான். பத்து மாதப் பணம் பிறர் பெட்டியில் இருக்கும் வரையில், கதவைச் சாத்திக் கொள்ளும் உரிமை ஏட்டுச் சுரைக்காய்தானே?